லைன்மேன் இறங்கி வந்த ஜினியா

லைன்மேன் மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து ஜினியாச் செடியைப் பிடித்து இறங்கித் தெருவுக்கு வந்த காலையில் தக்காளி விலை சற்றுக் குறைந்திருந்தது. இரண்டு செய்தியும் ஒன்றாகத்தான் பரவின. தக்காளியைத்தான் பலர் முதலில் நம்பவில்லை.

அதற்கு இரண்டு வருடம் முன்பு அவர் மின்கம்பத்திலிருந்து விழுந்தார். ஏறும் முன் கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும் என்று புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஓதியவர் அவரேதான். அன்று மழை வரும் அவசரத்தில் ஆட்டிப் பார்க்காமல் ஏறினார். அடி இற்றுப்போன கம்பம் அவரோடு சேர்ந்தே சாய்ந்தது. உயிர் தப்பியது, கால்கள் மட்டும் அவர் பேச்சைக் கேட்பதை நிறுத்திக்கொண்டன. லிஃப்ட் இல்லாத கட்டிடம். தூக்கிக்கொண்டு போய்க் காற்று வாங்க வைக்கிறோம் என்று வந்த நண்பர்களை வாசலோடு திருப்பி அனுப்பினார். வலியை அவர் பொறுத்துக்கொண்டார், வெட்கத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர் படுத்தவர்தான். சாப்பாடு பாதியாகி, பிறகு கால்வாசியாகியது. கட்டிலுக்குப் பக்கத்தில் தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்த மனைவிக்கு, இந்த மனுஷன் சுவரைப் பார்த்தபடியே போய்விடுவாரோ என்று பயம் வந்தது. அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினால் போதும் என்று, கட்டிடத்தின் முன்னால் வெயில் விழும் இடத்தைக் கொத்திப் பூ விதைக்கப் போனாள்.

நர்சரிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "மூணாவது மாடியில படுத்திருக்கறவருக்குத் தரையில பூவாம்மா?" ஆனாலும் உயர ரக ஜினியா விதையாகப் பார்த்துக் கொடுத்தார். பிடுங்கி நட்டால் கோபித்துக்கொள்ளும், இருக்கிற இடத்திலேயே விதை என்றார். இலையை நனைக்காமல் வேரில் ஊற்று என்றார். செடி ஒரு சாண் வந்ததும் உச்சியைக் கிள்ளச் சொன்னார், கிள்ளினால்தான் பக்கக்கிளை வெடித்துப் பூ கொட்டுமாம். அடுத்தவர் பட்டில் கண்ணிமைக்காமல் கத்திரி வைக்கும் அவளுக்கு அந்தப் பிஞ்சு உச்சியில் நகம் வைக்கக் கை வரவில்லை. மற்றதையெல்லாம் மனதைக் கல்லாக்கிக்கொண்டு கிள்ளிவிட்டு, ஜன்னலுக்கு நேர் கீழே நின்ற ஒன்றை மட்டும் விட்டுவிட்டாள். தெருவே கேட்க நர்சரிக்காரர் கத்தினார். "வளரட்டும்ணே, அது மேல போகணும்ல," என்றாள்.

கிள்ளியவை இடுப்பளவு வளர்ந்து ஒழுங்காகப் பூத்தன. கிள்ளாதது மாதம் முடிவதற்குள் முதல் மாடியைத் தாண்டியது. தண்டு மணிக்கட்டு அளவாகி, தொடை அளவாகியது. இரண்டாம் மாடி ஆசிரியை வெளிச்சம் மறைக்கிறது என்று சண்டைக்கு வந்தார். பிறகு பட்டாம்பூச்சிகளைப் பார்க்க நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒரு காற்று நாளில் மூன்றாம் மாடிக் கண்ணாடியை மொட்டு தட்டியது. லைன்மேன் முகத்தைத் திருப்பினார். நிதானமாக மேலும் கீழும் பார்த்தார்.

"எந்த மடையன் இத ஸ்டே கம்பி இல்லாம நிறுத்துனது? சாஞ்சா யாரு பொறுப்பு?"

அன்று மாலை அவர் ஜன்னலிலிருந்து போட்ட சத்தத்துக்குத் தெருவே வேலை செய்தது. கம்பத்தைச் சாயாமல் இழுத்துக் கட்டுவதுபோல் மூன்று பக்கமும் கயிறு கட்டி முறுக்கினார்கள். மனைவி அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு ஆசை தீர அழுதாள். திரும்பி வந்தபோது, அவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி மொட்டோடு உச்சியைக் கிள்ளி எடுத்திருந்தார்.

"அய்யய்யோ, என்னங்க பண்ணிட்டீங்க!"

"உச்சி போனாத்தான் பக்கம் வெடிக்கும். நர்சரிக்காரர் கத்துனது எனக்கும்தான் கேட்டுச்சு," என்றார்.

அவள் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கணுக்கள் வெடித்தன. ஜினியாவுக்கு இலை எப்போதும் எதிரெதிராக ஜோடியாய் வரும். கிளைகளும் அப்படியே, மேலிருந்து தரைவரை, கம்பத்தில் அடித்த படிகளாக வந்தன. சிவப்பு, ஆரஞ்சு, ரோஜா நிறம் எல்லாம் ஒரே செடியில் பூத்தன. ஒரு காலையில் லைன்மேன் கம்பம் ஏறும் பழைய பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே சாய்ந்து, தண்டை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். அசையவில்லை. கீழே நின்ற நர்சரிக்காரர், பூ வெட்டும் முன் நாங்களும் காம்பை இப்படித்தான் ஆட்டிப் பார்ப்போம், தலை துவண்டால் வெட்டமாட்டோம் என்றார். யாரும் காதில் வாங்கவில்லை. பாதி தைத்த போர்வையை விரித்துப் பிடித்தபடி மனைவி கீழே நின்றாள். அவர் கைகளால் கிளை கிளையாக இறங்கினார், வழியில் பூக்களை வெட்டிப் பெல்ட்டில் செருகினார். போர்வைக்கு வேலை வரவில்லை. என்ன கைகள் அவை!

வெட்ட வெட்டப் பூத்தது. மின்சார அலுவலகத்தார் வந்து, செடி கம்பிக்குப் போதுமான தூரத்தில் இருப்பதை அளந்து பார்த்துவிட்டு, ஆளுக்கொரு கொத்து வாங்கிப் போனார்கள். குளிர் வந்ததும் ஜினியா காய்ந்துவிடும், ஒரு வருடச் செடிதானே. கீழ்த்தளத்துக்குக் குடிபோகலாமா என்று அவள் கேட்டாள். அங்கிருந்து எங்கே இறங்குவது என்று அவர் கேட்டார். ஆகவே வருடாவருடம் விதைக்கிற நாளில் மட்டும், செடி இல்லாததால், அவள் முதுகில் ஏறிப் படி வழியாக இறங்குகிறார். எடையைக் குறைக்கச் சொல்கிறாள் அவள். சோற்றைக் குறைக்கச் சொல்கிறார் அவர். படியில் எதிர்ப்படுகிறவர்கள் சுவரோரம் ஒதுங்கி, "என்ன லைன்மேன், விதைப்பா?" என்கிறார்கள்.

"ஆமா," என்கிறார் அவர், முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல்.