பதினெட்டு மீட்டர்

என் மேசைக்கு வந்த படிவங்களில் பதினான்காம் நம்பர் மட்டும் கண்ணை உறுத்தியது. எந்த இடத்தில் நிலத்தடி நீருக்குள் அழுக்கு சுலபமாக இறங்கும், எங்கே இறங்காது என்று வரைபடம் போடுவது என் வேலை. தண்ணீர் மேலாக நின்றால் சிவப்பு, ஆழத்தில் நின்றால் பச்சை. மண், சரிவு, மழை எல்லாம் பார்ப்போம் என்றாலும் ஆழத்துக்குத்தான் மதிப்பெண் அதிகம். சுற்றியிருந்த ஐந்து போர்வெல்களிலும் தண்ணீர் ஆறு, ஏழு மீட்டரில் இருந்தது. பதினான்கில் மட்டும் பதினெட்டு.

பதினான்கு என் அக்கா வீட்டுப் போர். அவள் வேலியை ஒட்டிய காலி நிலத்தில்தான் ஊர்க் குப்பையைக் கொட்ட அனுமதி கேட்டிருந்தார்கள். படத்தில் அந்த இடம் பச்சையானால் குப்பை வந்துவிடும். அக்காவும் அத்தானும் இரண்டு பிள்ளைகளும் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான்.

அளந்தவர் எங்கள் ஆபீஸ் சென்டிமீட்டர் அண்ணன். 7.43 என்று எழுதுவாரே தவிர, செத்தாலும் ஏழரை என்று எழுத மாட்டார். அதனால் வந்த பெயர். அப்பேர்ப்பட்ட மனிதர் மொட்டையாகப் பதினெட்டு என்று எழுதி வைத்திருந்தார்.

"அண்ணே, அந்தப் பதினாலாம் நம்பர்..." என்று மெல்ல ஆரம்பித்தேன்.

"அளந்ததைத்தான் எழுதினேன் தம்பி," என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

சந்தேகம் புகுந்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. குப்பைக்கு இடம் கேட்டவரின் ஆளோடு அவர் வராந்தாவில் நின்று சிரித்ததைப் பார்த்தேன். புது பைக்கில் வந்ததைப் பார்த்தேன். புதன்கிழமை ஆபீஸ் ஸ்டோருக்குப் போய், தண்ணீர் அளக்கும் தன் டேப்பைக் கொடுத்துவிட்டு வேறு கேட்டாராம். சாட்சியைக் கலைக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். அதிகாரிக்கு இரண்டு பக்கத்தில் புகார் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை கொடுப்பதாகத் திட்டம். அதற்குமுன் நானே ஒருமுறை அளந்துவிட்டால், மறுத்துப் பேச அவருக்கு வாய் இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டோரிலிருந்து வாங்கிய வேறொரு டேப்போடு அக்கா வீட்டுக்குப் போனேன். போர்க் குழாய்க்குள் அதை இறக்கினேன். நுனி தண்ணீரைத் தொட்டால் அந்த டேப் கீச்சென்று கத்தும். ஆறில் கத்தவில்லை. பத்தில் கத்தவில்லை. பதினெட்டில் கத்தியது.

எனக்கு முகம் செத்துவிட்டது. மனிதர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். நம்ப மனம் வராமல் மறுபடி இறக்கினேன். பதினேழேகாலில் கத்தியது. அக்கா கொடுத்த டீயைக் குடித்துவிட்டு இறக்கினேன். பதினாலரை. குழாய்க்குள் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. சற்றுமுன் வரை மோட்டார் இறைத்த போரில்தான் அப்படி ஏறும்.

அப்போதுதான் உறைத்தது. என் ஸ்கூட்டர் கேட்டுக்குள் திரும்பியபோது ஏதோ ஒரு உறுமல் சட்டென்று நின்றது.

"அத்தான், மோட்டார் போட்டிருந்தீங்களா?"

அத்தான் நர்சரிச் செடிகள் பக்கம் திரும்பிக்கொண்டார். மண் சொதசொதவென்று நனைந்திருந்தது. "நேத்து சாயங்காலத்துல இருந்து ஓடுச்சு. வண்டிச் சத்தம் கேட்டா நிப்பாட்டிடுவேன்."

"அளக்க வந்தவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"மோட்டார் எப்ப ஓடுச்சுன்னு கேட்டாரு. ஒரு வாரமா ஓடவே இல்லைன்னு சொன்னேன்," என்றாள் அக்கா.

"ஏன்க்கா பொய் சொன்ன?"

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "நீதானேடா போன கோடையில போன் பண்ணிச் சொன்ன. நர்சரிக்குத் தண்ணி எடுக்க பர்மிட் இல்லை, ஆபீஸ்லேருந்து யார் வந்து கேட்டாலும் மோட்டார் ஓடலைன்னு சொல்லுங்கன்னு."

சொன்னது நான்தான். சொன்ன இடம்கூட நினைவுக்கு வந்தது, ஆபீஸ் மாடிப்படி. மேலேயும் கீழேயும் பார்த்துக்கொண்டு ரகசியமாகச் சொன்னேன்.

மத்தியானம் தண்ணீர் 6.21-இல் வந்து நின்றது. அக்கம்பக்கத்துப் போர்களைப் போலவே. அழுக்கு இறங்கினால் தடுக்க ஆறு மீட்டர் மண்தான்.

"மோட்டார் ஓடினதை எழுதாம இதைத் திருத்த முடியாது. எழுதினா உங்களுக்கு நோட்டீஸ் வரும்," என்றேன்.

அத்தான் செடிகளைப் பார்த்தார். "செடி காஞ்சா வேற வாங்கிக்கலாம்," என்றாள் அக்கா. "நீ எழுது."

திங்கட்கிழமை சென்டிமீட்டர் அண்ணனின் மேசைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். போனில் நான் சொல்லிக்கொடுத்ததையும் சேர்த்து. புகார் எழுதியதை மட்டும் சொல்ல வாய் வரவில்லை.

அவர் பெருமூச்சு விட்டார். "அப்ப டேப் கெடலையா? அன்னைக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு நம்பர் சொல்லுச்சு தம்பி. சென்டிமீட்டர் நிக்கவே இல்லை. டேப்தான் போச்சுன்னு, முதல்ல வந்ததை முழு நம்பரா எழுதிட்டு ஸ்டோர்ல திருப்பிக் கொடுத்தேன். உன்கிட்ட சொல்லவே வெட்கமா இருந்துச்சு."

"தண்ணி ஏறுதுன்னு உங்களுக்குத் தோணலையா அண்ணே? அவங்க பொய் சொல்றாங்கன்னு?"

"வேற வீடா இருந்தா தோணியிருக்கும்," என்றார். "அது உன் அக்கா வீடுன்னு தெரியும். உன் வீட்டு ஆளுங்களைச் சந்தேகப்படுறதா? அதான் டேப்பைச் சந்தேகப்பட்டேன்."

திருத்திய படிவத்தில் கையெழுத்துப் போட என்னிடம் பேனா கேட்டார். பேனா சட்டைப்பையில், அந்த இரண்டு பக்கப் புகாரோடு இருந்தது. அதை எடுக்க எனக்குக் கை வரவில்லை.