மணி அடித்தால் முதலில் இருந்து

சிவசங்கரன் சாரின் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் ஒரே சட்டம்தான். தப்பாகப் பேசினால் மேஜை மணியைத் தட்டுவார். பேசியவன் வாயை மூடிக்கொண்டு, மறுபடி ‘குட் மார்னிங்’ என்று முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். மதுரை செல்லூரில் ஒரு விசைத்தறிக் கூடத்தின் மாடியில் வகுப்பு. தறிச் சத்தத்தில் நாங்கள் பேசுவது எங்களுக்கே கேட்காது. மணி மட்டும் தெளிவாகக் கேட்கும்.

நான் கல்லூரியைப் பாதியில் விட்டவன். சென்னையில் கால் சென்டரில் இரவு வேலை பார்த்து, அதையும் விட்டவன். வெள்ளைக்காரனோடு பேசிவிட்டு வந்தவனுக்கு எதற்கு வகுப்பு என்று அப்பா கேட்டார். அங்கே நான் பேசவே இல்லை. கம்ப்யூட்டர் திரையில் ஓடியதை வாசித்தேன்.

வியாழக்கிழமை, அழகர்கோவில் சாலையில் ஒரு புது ஹோட்டலில் ரிசப்ஷன் வேலைக்கு நேர்காணல். பகல் வேலை. கிடைக்காவிட்டால் சென்னைக்கே, அதே இரவு வேலைக்கே திரும்ப வேண்டும் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. இன்னொரு முறை அந்தத் திரைக்கு முன்னால் உட்கார என்னால் முடியாது.

புதன்கிழமை மாலை வகுப்பு தொடங்கும் முன் முனீஸ்வரி ஒரு கதை சொன்னாள். அவள் கோயில் பக்கம் ஒரு நகைக்கடையில் வேலை பார்ப்பவள்.

“அண்ணே, நேத்து ஒரு வெள்ளைக்காரம்மா கடைக்கு வந்து கோயிலுக்கு வழி கேட்டுச்சு. நல்லாத்தான் சொல்லிட்டு வந்தேன். நடுவுல ஒரு தப்பு விழுந்துருச்சு. ஒடனே ‘குட் மார்னிங் மேடம், மைசெல்ஃப் முனீஸ்வரி’ன்னு ஆரம்பிச்சிட்டேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, எனக்கு ஒரு கும்புடு போட்டுட்டுப் போயிருச்சு.”

எல்லோரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. போன மாதம் ஓர் ஆஸ்பத்திரி நேர்காணலில் நானும் இதையேதான் செய்தேன்.

சார் என்னை எழுந்து நின்று என்னைப் பற்றிப் பேசச் சொன்னார். பெயர், ஊர், பசுமலையில் படித்த பள்ளிக்கூடம். மணி. முதலில் இருந்து. பெயர், ஊர், பள்ளிக்கூடம். மணி. இந்த முறை நான் நிறுத்தவில்லை.

“என்னப்பா துளசிராம், மணி அடிச்சது கேக்கலையா?”

“கேட்டுச்சு சார்.”

“அப்ப முதல்ல இருந்து சொல்லு.”

“மாட்டேன் சார். நானும் வந்த நாள்ல இருந்து பசுமலை ஸ்கூல்லயே நிக்கிறேன். இன்னும் காலேஜுக்கே போய்ச் சேரல.”

“தப்போட பேசுனா நாலு பேரு சிரிப்பாய்ங்க.”

“சிரிக்கட்டும். வீட்ல நாங்க பேசுறது சௌராஷ்டிரா. தெருவுல இறங்குனாத்தான் தமிழு. அந்தத் தமிழ எனக்கு எவன் மணி அடிச்சுச் சொல்லிக் குடுத்தான்? கூட வெளையாடுன பயலுக அம்புட்டுப் பேரும் சிரிச்சாய்ங்க. நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருந்தேன். இப்ப வாய்ல என்னைய ஜெயிக்கச் சொல்லுங்க பாப்போம்.”

“அது தமிழு. இது இங்கிலீசு.”

“ரெண்டுக்கும் ஒரே வாய்தான சார்.”

அவர் தட்டிக்கொண்டே இருந்தார். நான் பேசிக்கொண்டே இருந்தேன். கல்லூரியைத் தாண்டி, சென்னையைத் தாண்டி, வேலையை விட்டது வரை வந்து சேர்ந்தேன். தப்பு ஏராளம். முனீஸ்வரி மட்டும் கைதட்டினாள்.

“நாளைக்கு அங்க போய் இதே மாதிரி பேசு. தெரியும் சேதி,” என்றார் சார்.

மறுநாள் ஹோட்டல் மேனேஜர் என்னை நாற்காலியில் உட்காரவைக்கவில்லை. மும்பைக்காரர், தமிழ் தெரியாத பெண். ரிசப்ஷன் மேஜைக்குப் பின்னால் என்னை நிறுத்திவிட்டு, தான் கோபக்கார விருந்தாளியாக நடிக்கப்போவதாகவும், நான் சமாளிக்க வேண்டும் என்றும் சொன்னார். மேஜைமேல் ஒரு மணி இருந்தது. சாரிடம் இருக்கும் அதே மாதிரி மணி.

அறை எங்கே என்று கத்தினார். சுத்தம் செய்துகொண்டிருக்கிறார்கள், அதுவரை காபி குடியுங்கள் என்றேன். அவர் ஆத்திரத்தோடு மணியைத் தட்டினார்.

என் வாய் மூடிக்கொண்டது. பிறகு தானாகத் திறந்தது.

“குட் மார்னிங் மேடம், மைசெல்ஃப் துளசிராம்.”

அவர் புருவத்தைத் தூக்கினார். உன் பெயர் எதற்கு, என் அறை எங்கே என்று மறுபடி தட்டினார். அடுத்த ‘குட் மார்னிங்’ நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதன் பின்னாலேயே அந்தக் கால் சென்டர் திரையும் நினைவுக்கு வந்தது. உள்ளங்கையை வைத்து மணியை மூடினேன்.

நான் இங்கேதான் நிற்கிறேன், மணி வேண்டாம், என்னிடமே சொல்லுங்கள் என்றேன். என் ஆங்கிலம் கரடுமுரடாகத்தான் இருந்தது. பையை இங்கே வையுங்கள், அறை தயாரானதும் நானே எடுத்து வருகிறேன் என்றேன். நடிப்பை விடாமலே ஒரு வார்த்தையைத் திருத்தினார். அந்த ஒரு வார்த்தையைச் சரியாகச் சொல்லிவிட்டு, அங்கிருந்தே தொடர்ந்தேன்.

“விருந்தாளியின் மணியை மூடுவது எங்கள் தொழிலில் பெரிய தப்பு,” என்றார் ஆங்கிலத்தில்.

கையை எடுத்தேன். அடியுங்கள், நான் நிறுத்தமாட்டேன் என்றேன். அடித்தார். நான் நிறுத்தவில்லை. அடித்து அடித்து அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

திங்கட்கிழமை காலையில் வேலைக்கு வரச் சொன்னார். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றும் சொன்னார். பார்க்கட்டும்.

வெளியே வந்து முனீஸ்வரிக்குப் போன் போட்டேன்.

“சாருட்ட சொல்லவாண்ணே?”

“வேணாம். இன்னிக்கு மணி அடிச்சா நீ நிறுத்தாத. அது போதும்.”

“கிளாஸ விட்டே வெரட்டிருவாருண்ணே.”

“வெரட்டுனா இறங்கி வா. கோயிலுக்கு வழி கேக்குறவுகல்லாம் கீழதான் நிக்கிறாக.”