விரிந்த கைகள்

...சொல்லிவிட வேண்டும், இன்று விட்டால் இனி எப்போது, அறுபத்து நான்கு வயதில் இன்னொரு முறையா நாம் போட்டு ஆடிய இந்த முதலாம் எண் சட்டையை மரியாதை செய்து அரங்கத்துக் கூரைக்கு ஏற்றப்போகிறார்கள்... பனித்தரையில் விரித்த கம்பளத்தின் மேல் நோர்மான் நின்றிருந்தார், ஷிக்குத்திமி ஊரின் பனி ஹாக்கி அரங்கமே அவர் பெயரைக் கத்தியது, பதினேழு வருஷம் வலைக்கு முன்னால் சுவராக நின்ற கோல்கீப்பராம், சுவர்! இந்தச் சுவரில் ஓட்டை எங்கே என்று ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும், முன்வரிசையில் கைத்தடியோடு உட்கார்ந்திருக்கிறான், லூசியன், பழைய தடுப்பாட்டக்காரன், பக்கத்தில் அவன் மகள் மரிஸ். எதற்குக் கூப்பிட்டோம்? கூப்பிட்டதும் வந்துவிட்டானே, அதுதான் தாங்கவில்லை.

முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், இறுதி ஆட்டம், கூடுதல் நேரம், வட்டு வலைக்குப் பின்னால் உருண்டது, லூசியன் எடுத்திருப்பான், "விடு, நான் எடுக்கறேன்!" என்று கத்தியது இந்த வாய்தானே... விட்டான், கோல்கீப்பர் சொன்னால் விட்டுத்தான் ஆக வேண்டும். வலையை விட்டுப் பின்னால் பாய்ந்த நோர்மானின் மட்டை வட்டில் படவேயில்லை, எதிரணிக்காரன் காலி வலைக்குள் தட்டிவிட்டுப் போனான். எவன் தப்பு செய்தாலும் அவன் முழங்காலுக்குக் கீழே மட்டையால் லேசாகத் தட்டி, போகட்டும் விடு என்பதுதான் கோல்கீப்பருக்கு அழகு, எத்தனை பேரைத் தட்டியிருக்கிறார்! அன்று மட்டும் இரண்டு கைகளையும் லூசியன் பக்கம் விரித்தார், பாருங்கள் இவன் செய்ததை என்பதுபோல, எல்லோரும் பார்த்தார்கள். அடுத்த பருவம் லூசியன் அணியில் இல்லை, மதுக்கடையில் அவனைக் கண்டால் சாம்பல் கிண்ணத்தை வட்டு மாதிரி மேசையில் வழுக்கவிட்டு, "புடி லூசியன், புடி!" என்று சிரிப்பார்களாம்... விடு என்று கத்தியது யார் என்று அவன் மூச்சு விடவில்லை, கோல்கீப்பரைக் காட்டிக்கொடுக்கக் கூடாதாம், என்ன வீறாப்பு, ஒரு நாளாவது திட்டித் தொலைத்திருக்கலாமே பாவி. சற்று முன்பு நடைவழியில் கைத்தடியால் இவர் காலைத் தட்டினான், "என்னடா, பழசைக் கிளறாம, சிரிச்சுட்டு இறங்கு." மகள் இவர் கையைப் பிடித்துக்கொண்டாள், "அப்பா பண்ணினதை மனசுல வச்சுக்காம கூப்பிட்டீங்களே, பெரிய மனசு உங்களுக்கு." பெற்ற மகளிடம்கூடவா சொல்லவில்லை?

ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தார்கள், "அந்தக் கோல்..." என்றார், அரங்கம் அடங்கியது, "லூசியன்... அன்னிக்கு..." என்றதும் கைகள் தாமாக எழுந்து அவன் பக்கம் விரிந்தன, அதே இரண்டு கைகள். "மன்னிச்சுட்டாருப்பா!" என்று யாரோ ஒருவன் கத்தினான், அவ்வளவுதான், எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள், மரிஸ் அழுதாள், லூசியன் கைத்தடியால் தரையைத் தட்டினான், ஆட்டக்காரர்கள் மட்டையால் தட்டிப் பாராட்டுவது போலவே... சட்டை மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது. கைகளை இறக்கினால் பேசிவிடலாம், கைதட்டல் ஓயட்டும் என்று நின்றார், ஓயக் கூடாது என்று மனசு வேண்டிக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தார்.