மூடிய வீட்டில் சாம்பிராணி

துறைமுகத்துப் பக்கம் ஒரு ரசாயனக் கிடங்கில் விஷவாயு கசிந்துவிட்டது, யாரும் வெளியே வராதீர்கள், சன்னல்களை மூடுங்கள், ஏர்கோனை நிறுத்துங்கள் என்று கைத்தொலைபேசிக்குத் தகவல் வந்ததும் பண்டமாரானில் குடியிருந்த தம்புசாமி சொன்னபடியே செய்தான். சன்னல் இடுக்கு, கதவிடுக்கு எல்லாவற்றையும் டேப்பால் ஒட்டினான். அத்தோடு நிறுத்தியிருந்தால் அவனைக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கலாம். வெள்ளிக்கிழமை வேறு. தூபக்காலில் கரியைக் கனியவிட்டு, கைநிறையச் சாம்பிராணியை அள்ளிப் போட்டான்.

"எந்தக் கெட்ட காத்தும் இதுக்கு முன்னால நிக்காது லா."

அவனுக்கும் மனைவி அமுதவள்ளிக்கும் ஒரே மகளான மலர்விழிக்கு ஆஸ்துமா. முதல் இருமலிலேயே அமுதவள்ளி அவளிடம் ஓடினாள். இன்ஹேலரை அழுத்தினாள், மறுபடியும் அழுத்தினாள். பிள்ளையின் தோள்கள் ஏறி ஏறி இறங்கின.

"என்னங்க, அத அணைச்சிருங்க. புள்ளைக்கு மூச்சு வாங்குது."

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா சாமி நெருப்பயா அணைக்கச் சொல்ற? வெளங்குமா குடும்பம்? விஷம் உள்ள வந்துருச்சு, அதான் இருமுறா."

மனிதன் கெட்டவனில்லை, அதுதான் கொடுமை. மகளுக்காகத்தான் போட்டான். இருமல் கூடக் கூட இன்னும் போட்டான். கூடத்தில் எதிரே நிற்பவர் முகம் தெரியாத அளவுக்குப் புகை.

அமுதவள்ளி ஆம்புலன்சுக்கு அழைத்தாள். சாலைகளை மூடியிருக்கிறார்கள், வர நேரமாகும், அதுவரை கதவைத் திறக்காதீர்கள் என்று ஒரு பெண்குரல் மலாயில் அன்பாகச் சொன்னது. அவள் போனை எறிந்துவிட்டு ஒரு வாளித் தண்ணீரைத் தூபக்காலில் கொட்டினாள். கரி சீறி, இருந்த புகைக்கு மேல் இன்னும் புகை எழுந்தது. பளாரென்று கன்னத்தில் அறை விழுந்தது. வலிக்கக்கூட அவளுக்கு நேரமில்லை. மகளின் உதடு நீலம் பாய்ந்திருந்தது.

சன்னலுக்கு ஓடி டேப்பைப் பிய்த்தாள். தம்புசாமி அவள் கையைப் பிடித்து முறுக்கினான்.

"தொறக்காதடி! அந்த விஷக் காத்துக்கு வாசனகூட இல்லையாம். எல்லாரும் செத்துருவோம்!"

"இங்க மட்டும் என்ன வாழுது? அவளப் பாருங்க!"

அவன் பார்த்தான். பிடி தானாகத் தளர்ந்தது. பிறகு அவனே நகம் உடைய டேப்பைக் கிழித்து, சன்னலைத் தள்ளினான். அமுதவள்ளி மகளைத் தூக்கி அவள் முகத்தைக் கம்பிகளுக்கு நடுவே வைத்து அழுத்தினாள். மாலைக் காற்று சில்லென்று வந்தது. அதில் ஒரு வாசனையும் இல்லை.

"இழும்மா," என்றாள். "நல்லா இழு."

மலர்விழி கம்பியைப் பற்றிக்கொண்டு, வாயைத் திறந்து, ஆசை ஆசையாக அந்தக் காற்றை உள்ளே இழுத்தாள்.