திருமதி பிக்கட்டின் தண்ணீர்த் தொட்டி

என் அக்கா லூயெல்லா எழுதிய நாவல்கள் எல்லாவற்றின் அட்டையிலும் லூயெல்லா ஹாஸ்கல் என்று பிறந்த வீட்டுப் பெயர்தான் இருக்கும். ஆனால் எங்கள் அயோவா ஊரில் கல்யாணமான பெண்ணுக்குச் சொந்தப் பெயரே கிடையாது. பிரசங்கியார் முதல் பால்காரன் வரை புருஷன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். சீ, இதுவும் ஒரு வழக்கமா!

அந்தப் புருஷன் ஆர்வில் பிக்கட் அவள் எழுதியதில் ஒரு வரி படித்ததில்லை. எழுதி வைத்த தாளைக் கொண்டு அடுப்புப் பற்றவைத்தவன். எந்நேரமும் வாய் நிறையப் புகையிலை.

நியூயார்க் பத்திரிகைகள் அக்காவைப் புகழ்ந்த பிறகுதான் எங்கள் மாதர் சங்கத்துக்கு ஞானம் பிறந்தது. அவளைக் கௌரவிக்க நூலக வாசலில் குடிதண்ணீர்த் தொட்டி கட்டினார்கள். சங்கத் தலைவி விட்லோ அம்மாளிடம் அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"கல்லுல என் பேரு இருக்கணும்மா. புஸ்தகத்துல இருக்கற பேரு."

"வேற எதப் போடப்போறோம் கண்ணு!"

திறப்பு விழாவுக்கு அக்கா புதுத் தொப்பி வைத்துக்கொண்டு வந்தாள். தொட்டியை மூடியிருந்த துணியை இழுத்தார்கள். வெள்ளைக் கல்லில் 'திருமதி ஆர்வில் பிக்கட், எழுத்தாளர்' என்றிருந்தது.

"என்னம்மா இது அநியாயம்?" என்று பாய்ந்தேன்.

"கத்தாத டெல்லா. பொறந்த வீட்டுப் பேரப் போட்டா, புருஷன விட்டு ஓடிவந்தவன்னு நாலு பேரு பேசமாட்டாங்களா? ஒங்க அக்கா மானத்துக்காகத்தான் மாத்துனோம்" என்றாள் விட்லோ அம்மாள்.

பூச்செண்டையும் ஆர்விலிடமே கொடுத்தார்கள்! அந்த வெட்கங்கெட்ட மனுஷன் வாங்கிக்கொண்டு, "நான் விட்டதாலதான எழுதுனா" என்று இளித்தான். அதற்குக் கைதட்டல் வேறு. பிறகு வழக்கம்போலத் தலையைத் திருப்பிப் புளிச்சென்று துப்பினான். பழுப்புச் சாறு எழுத்துகளின் மேல் வழிந்தது.

விட்லோ அம்மாள் கைக்குட்டையோடு ஓடினாள். அக்கா எழுந்து அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"தொடைக்காதீங்கம்மா. அவரு பேரு மேலதான அவரு துப்பியிருக்காரு. எம் பேருதான் அங்க இல்லையே."

அக்கா தொப்பியைக் கழற்றிவிட்டு என்னிடம் வந்தாள்.

"வாடி டெல்லா, தாகமா இருக்கு. ஒன் வீட்டுக்குப் போயித் தண்ணி குடிப்போம். இனிமே அங்கதான் நான்."