நினைவஞ்சலியில் ஒரு பெயர்

அப்பா காலில் விழச் சொன்னால் எழுந்து போய்விடுவது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் தேன்மொழி உலு திராமிலிருந்த ஆலோசனை மையத்துக்குக் காரை ஓட்டினாள். தம்பி வசந்தன் கெஞ்சிக் கூத்தாடி ஏற்பாடு செய்த குடும்ப ஆலோசனை அது. மூன்று வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லாத அப்பாவும் மகளும் ஒரே அறையில் உட்கார வேண்டும்.

சண்டையின் காரணம் ஊருக்கே தெரியும். அடித்த புருஷனை விட்டுவிட்டு வந்தாள். “அனுசரிச்சுப் போ” என்றார் அப்பா ஐயாசாமி. அவள் போகவில்லை. அவர் அப்படிச் சொன்னதைக்கூட மன்னித்திருப்பாள். ஆனால் போன வருஷம் அம்மா இறந்தபோது பத்திரிகையில் வந்த மரண அறிவிப்பில் மகன், மருமகள், பேரன் எல்லோர் பெயரும் இருந்தது, மூத்த மகள் பெயர் மட்டும் இல்லை. அப்பா வராத வேளை பார்த்து ஆஸ்பத்திரிக்குப் போய் நாற்பது நாள் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டியவள் அவள்தான்!

அடுத்த வாரம் முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. விளம்பரம் இன்று மாலைக்குள் போயாக வேண்டும். இதிலும் தன் பெயர் இல்லையென்றால் அப்பா என்ற உறவே வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லிவிட்டிருந்தாள்.

ஆலோசகர் ரூபினிக்கு முப்பது வயதுகூட இருக்காது. அவள் போட்ட விதி ஒன்றே ஒன்றுதான்: ஒருவர் சொன்னதை மற்றவர் அப்படியே திருப்பிச் சொன்ன பிறகுதான் பதில் பேசலாம்.

“நீங்க ஆரம்பிங்க, அக்கா.”

“அம்மா என்னைப் பெக்கவே இல்லன்னு பேப்பர்ல போட்டீங்க, அப்பா.”

“அலமாக், நான் எங்க அப்படிப் போட்டேன்?” என்று பதறினார் ஐயாசாமி.

“அங்கிள், மொதல்ல திருப்பிச் சொல்லுங்க.”

பெக்கான் நானாஸ் அன்னாசித் தொழிற்சாலையில் முப்பது வருஷம் மற்றவர்களை அதட்டியே பழகிய வாய். லேசில் வருமா? தண்ணீர் கேட்டார். ஏசியைக் குறைக்கச் சொன்னார். பிறகு சமரசத்துக்கு வந்தார்.

“யாரு பேரும் வேணாம். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்னு பொதுவாப் போட்டா முடிஞ்சிருச்சுலா.”

“முடியாது,” என்றாள் தேன்மொழி. “எனக்குப் பேரு வெச்சது அம்மா. அந்தப் பேரு வரணும். நான் மன்னிப்பு கேக்க மாட்டேன், கால்லயும் விழ மாட்டேன். நான் சொன்னத நீங்க திருப்பிச் சொல்ற வரைக்கும் இங்கயே உக்காந்திருப்பேன்.”

ரூபினி ஐயாசாமியைத்தான் பார்த்தாள். கெட்டிக்காரி.

கடைசியில் ஐயாசாமிதான் தரையைப் பார்த்தபடி ஆரம்பித்தார். “அம்மா ஒன்னைப் பெக்கவே இல்லன்னு...” கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “பேப்பர்ல போட்டுட்டேன்.”

இப்போது அவர் முறை. “மக பேருக்குப் பக்கத்துல மருமகன் பேரு போடறதுதான வழக்கம். ஒன் பேரு மட்டும் தனியா நின்னா, புருஷன் எங்கன்னு கேப்பாங்க. நாலு பேரு ஒன்னைய வாயில போட்டு மெல்லக் கூடாதுன்னுதான் விட்டேன், தாயி.”

மானத்தைக் காப்பாற்றப் போய் மகளையே இல்லாமல் ஆக்கிய மகராசன்! சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன அவளுக்கு. ஆனாலும் விதி விதிதான்.

“என் பேரு தனியா நின்னா ஊரு கேக்கும்னு பயந்துட்டீங்க. கேக்கட்டும், அப்பா. பதில் சொல்ல எனக்கு வாய் இருக்கு. ஒங்களுக்கு இருக்கா?”

ஐயாசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, பத்திரிகைக்கு விளம்பரம் வாங்கும் செல்வாவை அழைத்தார். காது மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

“செல்வா, நினைவஞ்சலில ஒரு பேரு சேக்கணும். மகள், தேன்மொழி.”

“சரிங்கய்யா. மருமகன் பேரு?”

தேன்மொழி அப்பாவின் முகத்தையே பார்த்தாள்.

“மருமகன் இல்ல.”

“அப்ப எப்படிங்கய்யா, பொண்ணு பேரு மட்டும் தனியா...”

“தனியாத்தான் போடு. மூத்தவ, வசந்தனுக்கு மேல போடு. எவனாச்சும் கேட்டா என் நம்பரைக் குடு.”