நிலத்தட்டு திரும்பிய வாரம்

ஆறு கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு நிலத்தட்டு, போகிற வழியில் பதின்மூன்று டிகிரி திரும்பி, கொஞ்ச காலம் அப்படியே போய், பிறகு மனம் மாறியதுபோலப் பழைய திசைக்கே வந்துவிட்டது. இதைக் கண்டுபிடித்தவள் அவள். அன்று பிற்பகல் தேர்வுக் குழுவின் முன் இதைச் சொல்லிவிட்டால், வருடக்கணக்காக இழுத்துக்கொண்டிருந்த ஒப்பந்த வேலை நிரந்தரமாகிவிடும் என்று ஆய்வகமே பேசிக்கொண்டது.

எரிமலைக் குழம்பு உறையும்போது அன்றைக்கு வடக்கு எதுவோ அதைக் கல் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். மலைச்சரிவைக் கீழிருந்து மேலாக அடுக்கு அடுக்காகத் துளைத்துத் துண்டு எடுத்து, ஒவ்வொன்றும் எந்தக் கோணத்தில் இருந்தது என்று குறித்துக்கொண்டால், தட்டு எந்தக் காலத்தில் எப்படி நகர்ந்தது என்று கணக்குப் போடலாம். துளைப்பது அவள் கணவன். அதே ஆய்வகத்தின் களப் பணியாளன். காம்பஸைப் பார்த்துக் கோணத்தை உரக்கச் சொல்வான். காம்பஸ் காட்டும் வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் அந்த மலையில் பதின்மூன்று டிகிரி வித்தியாசம். அதைக் கழித்து எழுதுவது அவள் வேலை.

காலையில் அவளுடைய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே அவன் தைரியம் சொன்னான்.

"பூகம்பம் குறுக்குக் கேள்வி கேட்டா பயப்படாத. தட்டு திரும்பினதக் காட்டுற அந்த நடு அடுக்குல தப்பே வராது. அங்க நான் எவ்ளோ ஜாக்கிரதையா இருந்தேன் தெரியுமா?"

பூகம்பம் என்பது இயக்குநர். குரலால் வந்த பெயர்.

"அது நாம பேசிக்காத வாரமாச்சே?"

"ஆமா. எங்க அக்கா உன்னக் கேக்காம திரைச்சீலைய மாத்தினதுக்கு நீ மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டியே, அந்த வாரம். நான் வாயத் திறந்தா நீ வள்ளுன்னு விழுவேன்னு கோணத்த மார்க்கர்ல கல்லு மேலயே எழுதி வெச்சுட்டேன். உனக்கு ஏன் சிரமம்னு அந்தப் பதிமூணையும் நானே கழிச்சுட்டேன்."

"கழிச்சீங்களா?"

"ஆமா."

"நானும் கழிச்சேனே."

இஸ்திரிப் பெட்டி காலரில் நின்றது.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"உங்ககிட்டயா? அந்த வாரமா?"

அதுவும் நியாயம்தான் என்று அவனுக்குப் பட்டது. அவள் மடிக்கணினியைத் திறந்து நடு அடுக்குக் கற்களுக்கு மட்டும் பதின்மூன்றைத் திருப்பிக் கொடுத்தாள். இருபது லட்சம் ஆண்டுகளாக வளைந்திருந்த தட்டின் பாதைக் கோடு ஒரு நொடியில் நிமிர்ந்தது.

"யாருக்குத் தெரியப்போவுது? தட்டு வந்து சாட்சி சொல்லுமா?" என்றான் அவன்.

"நாளைக்கு இன்னொருத்தர் அதே மலையில துளைப்பாரு. அவரு பொண்டாட்டியோட சண்ட போடாத ஆளா இருந்தா?"

குழுவின் முன் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பூகம்பம் அதிசயமாகத் தணிந்த குரலில் கேட்டார்.

"மத்த அடுக்கெல்லாம் சரின்னு எப்படிம்மா நம்பறது?"

"அங்கெல்லாம் பேசிக்கிட்டுதான் இருந்தோம் சார்."

"சண்ட எங்க ஆரம்பிச்சுது?"

"சாம்பல் படிவத்துக்கு மேல."

"முடிஞ்சது?"

"சிவப்பு மண் அடுக்குல சார்."

அவர் அதைக் குறித்துக்கொண்டார். "அப்ப மிஞ்சினது என்ன?"

"வேகம் சார். இந்தத் தப்பு திசையில மட்டும்தான், வேகத்தத் தொடாது. தட்டு கொஞ்சம் கொஞ்சமா மெதுவாகியிருக்கு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சார்."

மெதுவானதைக் கேட்டு யாரும் நாற்காலியில் நிமிர்ந்து உட்காரவில்லை. வேலை நிரந்தரமாகவில்லை. ஒப்பந்தம் ஒரு வருடம் நீட்டிக்கப்பட்டது; அதற்குள் நடு அடுக்கை மறுபடி துளைத்துக் காட்ட வேண்டும்.

நடைவழியில் கணவன் காத்திருந்தான். "என்னாச்சு?"

"திரும்ப மலைக்குப் போகணும்."

"நான் வரவா, இல்ல வேற ஆள் பாத்துக்கறியா?"

"நீங்களே வாங்க. ஆனா என்ன சண்ட வந்தாலும் கோணத்த வாயால சொல்லணும்."

"திட்டிக்கிட்டே சொல்லலாமா?"

"தாராளமா. கழிக்காம சொல்லுங்க."